கண்மாய்க்குள் சீமைக் கருவேலம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் சிவகங்கை மாவட்டத்தில், மானாமதுரைக்குத் தெற்கே இருக்கிறது. ஊர்க் கண்மாயின் ஆயக்கட்டு, அதாவது அதன் தண்ணீர் பாயும் வயல் பரப்பு, 80 ஏக்கர். 5 வருடத்துக்கு முன்பு இளைஞர்கள் வசூல் செய்து, ஜேசிபி விட்டு உள்வாயில், தண்ணீர் நிற்கும் உட்பகுதியில், நின்ற சீமைக் கருவேலத்தை அழித்தோம். இன்று முன்னைவிட அடர்த்தியாக நிற்கிறது, ஆடு நுழையவும் வழியில்லை. இந்த முறை 6 நாள் வண்டி எடுக்கும் அளவுக்குப் பணம் சேர்த்திருக்கிறோம். மறுபடி முளைக்காமல் எப்படி எடுப்பது? வண்டி இருக்கும்போதே கண்மாயை ஆழப்படுத்தலாமா? இந்த மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையைக் கெடுக்கிறது, கரியமில வாயுவை மட்டுமே விடுகிறது என்று வாட்ஸ்அப்பில் வருவது உண்மையா? அழித்த இடத்தில் என்ன நடலாம்?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

5 வருடத்துக்கு முன்பு என்ன நடந்திருக்கும் என்பதிலிருந்து தொடங்குகிறேன். வண்டிக்கு மணிக்கணக்கில் வாடகை. ஓட்டுநர் முன்பக்க வாளியால் மரத்தை நெட்டித் தள்ளிக்கொண்டே போவார். மாலைக்குள் இடம் வெட்டவெளியாகிவிடும், பார்க்கவும் நிறைவாக இருக்கும். ஆனால் அப்படித் தள்ளிய மரங்களில் பாதிக்கு மேல் தரைமட்டத்தில் முறிந்திருக்கும், தூர், அதாவது வேரோடு சேர்ந்த அடிக்கட்டை, மண்ணுக்குள்ளேயே கிடக்கும். இப்போது புதராக நிற்கும் ஒன்றின் அடியில் மண்ணைக் கையால் விலக்கிப் பாருங்கள். தண்டும் வேரும் சேரும் கழுத்தில், பழைய முறிவைச் சுற்றி வளையம் போல எட்டுப் பத்துக் கிளைகள் புறப்பட்டிருக்கும். இன்னும் ஒரு சாண் தோண்டினால் வெறும் வேர்தான், அதில் ஒரு மொட்டும் இராது. இந்த மரத்தின் உறங்கு மொட்டுகள் எல்லாம் அந்தக் கழுத்துப் பகுதியில்தான் இருக்கின்றன. ஆழத்தில் ஊன்றிய வேர் தயாராக இருப்பதால் வெட்டிய மரம் கன்றைவிடப் பல மடங்கு வேகமாக எழுகிறது. நீங்கள் அழித்ததாக நினைத்தது உண்மையில் ஒரு கவாத்து.

எனவே கழுத்து வெளியே வர வேண்டும். ஆழத்தில் ஓடும் வேர் முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை. மணிக்கட்டுக் கனம் வரையுள்ள மரத்துக்குக் கடப்பாரையும் கோடாரியும் போதும். சுற்றிலும் ஓரடி ஆழம் மண்ணைப் பறித்து, அந்த ஆழத்தில் வேரை வெட்டித் தூரைப் புரட்டிவிடலாம். பெரிய மரத்துக்கு ஜேசிபியின் பின்பக்க வாளியைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் பறித்துவிட்டு அடியிலிருந்து நெம்பித் தூக்க வேண்டும். நேரம் கூடுதலாகும், பரப்பு குறையும். அன்றன்று எடுத்த தூர்கள் வேர்ப்பக்கம் மேலாகக் கவிழ்ந்து கிடக்கின்றனவா என்று ஊர்க்காரர் ஒருவர் கூடவே நடந்து பார்க்க வேண்டும். தூர் கண்ணில் படாத குழியை மூட விடாதீர்கள்.

மண்ணெண்ணெய் ஊற்றுவது, களைக்கொல்லி தடவுவது இரண்டும் வேண்டாம். மாடு குடிக்கும் தண்ணீர், மீன் வளரும் தண்ணீர் அது.

வண்டி இறங்குவதற்கு முந்தின நாள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கண்மாய்க்குள் நிற்பதெல்லாம் சீமை அல்ல. நாட்டுக் கருவேலமும் இருக்கும், குடை விரித்தது போல உடைமரமும் இருக்கலாம். ஓட்டுநருக்கு எல்லாம் முள்மரம்தான். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை. காய் சாம்பல் நிறத்தில், விதைக்கு விதை இடை சுருங்கிக் காசுமாலை போலத் தொங்கும். சீமையின் பூ விரல்நீளக் கதிராகவும், காய் இளமஞ்சளாகச் சதைப்பற்றோடு நீண்டும் இருக்கும். காப்பாற்ற வேண்டிய மரங்களின் அடியில் சுண்ணாம்பு வளையம் போட்டுவிடுங்கள். கொக்கும் நாரையும் கூடு கட்டுவது பெரும்பாலும் இந்தக் கருவேலங்களில்தான். ஐப்பசி மழைக்குப் பின் மாசி வரை கூடு இருக்கும் காலம், அப்போது உள்வாயில் வண்டி விடக்கூடாது. பங்குனி பிறந்ததும் தொடங்கினால் கோடைக் காய் முற்றி உதிரும் முன்பே பெரும்பகுதியை எடுத்துவிடலாம்.

6 நாளில் இப்படி உள்வாய் முழுவதையும் முடிக்க இயலாது. அதனால் எங்கே தொடங்குவது என்பதுதான் பெரிய கேள்வி. என் தீர்மானமான கருத்து: வரத்துக் கால்வாயில் தொடங்குங்கள். கால்வாய்க்குள் நிற்கும் ஒவ்வொரு புதரும் ஓட்டத்தைத் தடுத்து, வண்டலைப் பிடித்து மேடாக்குகிறது. வரவேண்டிய தண்ணீர் அங்கேயே நின்றுவிட்டால், உள்வாயில் ஒரு மரம்கூட இல்லாவிட்டாலும் கண்மாய் பெருகாது. கால்வாய்க்கு அடுத்து, மிகைநீர் வழியும் கலுங்கும் அது ஓடிப்போகும் மறுகாலும். அங்கே அடைப்பு இருந்தால் பெருமழையில் தண்ணீர் கரையைப் பிய்த்துக்கொண்டு வழி தேடும். பிறகு வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடைகளின் முகப்பு. மிச்சமுள்ள நாளில் உள்வாயை ஒரு ஓரத்திலிருந்து பத்தி பத்தியாக எடுங்கள், மீதியை அடுத்த கோடைக்கு விடுங்கள்.

கரைமேல் நிற்கும் மரத்தில் மட்டும் வண்டி வைக்காதீர்கள். தூரைப் பிடுங்கினால் கரைக்குள் பொந்து விழும், வெறுமனே வெட்டிவிட்டாலும் வேர் அழுகிய தடம் தண்ணீர் கசியும் துளையாகும். ஆள் வைத்துத் தூரைத் தோண்டி எடுத்து, அன்றைக்கே களிமண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, ஈரப்படுத்தி, ஒவ்வொரு அடுக்கையும் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். ஒரேயடியாகக் கொட்டி மூடிய குழி முதல் பெருக்கத்திலேயே உள்வாங்கும்.

ஆழப்படுத்துவது பற்றி. ஒரு ஹெக்டேரில் ஓரடி மண் என்பது சுமார் 3,000 கன மீட்டர். 100 கன அடி கொள்ளும் டிராக்டர் டிப்பரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நடை. ஒரு டிராக்டர் நாளுக்கு 10 நடை அடித்தாலும் 100 நாள் தாண்டும். வாடகை வண்டியை வைத்துச் செய்யும் வேலை அல்ல இது. வண்டல் எடுக்க விவசாயிகளுக்கு அரசு அனுமதி உண்டு: நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர், கட்டணம் இல்லை. உங்கள் ஆயக்கட்டு 80 ஏக்கரும் நன்செய்க் கணக்கில் எடுத்தால் 6,000 கன மீட்டர், அதாவது இரண்டு ஹெக்டேரில் ஓரடி. வயலுக்கும் உரம், கண்மாய்க்கும் கொள்ளளவு. தாசில்தாரின் அனுமதிக்கு ஒவ்வொருவரும் விண்ணப்பித்துக்கொள்ளட்டும்.

எடுக்கும்போது மூன்று எல்லைகளை மீறக்கூடாது. கரையின் அடியிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளித்தான் தோண்ட வேண்டும், கரையோரக் குழி கரையைச் சரிக்கும். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே போனால் அந்தத் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. மாட்டுக்கும் மீனுக்கும் ஓரிடத்தில் பள்ளம் போதும். மூன்றாவது, கண்மாயின் களிமண் படுகையை உடைக்காதீர்கள். முன்கூட்டியே நாலைந்து இடத்தில் சோதனைக் குழி போட்டுப் பாருங்கள். கையில் ஒட்டிய மண் நறநறவென்று மணலாக மாறும் ஆழம் எதுவோ, அதற்கு ஓரடி மேலேயே நிறுத்துங்கள். அந்த அடுக்கைத் திறந்துவிட்டால் மார்கழியில் நிறைந்த கண்மாய் மாசிக்கு முன்பே காலியாகும்.

வாட்ஸ்அப் செய்தி இரண்டும் பொய். மற்ற மரங்களைப் போலவே சீமைக் கருவேலமும் பகலில் ஒளிச்சேர்க்கை செய்து பிராணவாயுவை விடுகிறது. காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கும் மரம் எதுவும் உலகில் இல்லை. ஆழ வேரால் கோடையிலும் பசுமையாக நின்று நிலத்தடி நீரை எடுப்பது உண்மை. அதன் அடியில் புல் வளராததும் உண்மை. நான் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தப் பொய்யை நம்புகிறவர்கள் வெட்டிய மரத்தின் எண்ணிக்கையை வெற்றியாகக் கொண்டாடிவிட்டுப் போய்விடுகிறார்கள், வறண்ட புன்செயில் நிற்பதையும் சேர்த்து அழிக்கிறார்கள். முதுகுளத்தூர், கமுதி பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அந்தப் புன்செய் மரம்தான் சோறு. உங்கள் வேலை கண்மாய்க்குள்ளும் கால்வாய்க்குள்ளும் இருக்கட்டும்.

கரி பற்றிப் பேசும்போது பணமும் வருகிறது. 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு என்பதால் உங்கள் கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கும். மரம் அவர்கள் ஏலம் விட வேண்டியது, நீங்களாக வெட்டி விற்கக்கூடாது. ஏலம் எடுப்பவருக்கு மறுபடி தழைத்தால் மூன்று நான்கு வருடத்தில் இன்னொரு வெட்டு கிடைக்கும், ஆகவே தூரை விட்டுவைப்பதே அவருக்கு லாபம். தூரோடு எடுத்தால்தான் முன்பணம் திரும்பும் என்று ஏல நிபந்தனையில் எழுதச் சொல்லி மனுக் கொடுங்கள். தூர்க்கட்டையும் நல்ல கரியாகும், அவருக்கு நட்டமில்லை.

சேர்த்த பணம் முழுவதையும் இந்த 6 நாளில் செலவழிக்காதீர்கள், மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். மண்ணுக்குள் பல வருட விதை இருக்கிறது. காயைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்தோடு புது விதையும் வந்துகொண்டே இருக்கும். மழைக்குப் பின் ஈரமண்ணில் விரல்நீளக் கன்று இரு விரலால் இழுத்தாலே வந்துவிடும். இரண்டு மாதம் விட்டால் கடப்பாரை கேட்கும். வருடத்துக்கு இரண்டு முறை, மூன்று வருடத்துக்கு, ஆள் வைத்துக் கன்று பிடுங்க அந்தப் பணம் வேண்டும். ஆட்டுக்கிடை, மாட்டுப்பட்டி போட்ட இடங்களை முதலில் பாருங்கள்.

நடுவதைப் பொறுத்தவரை, உள்வாயில் எதையும் நட வேண்டாம். தண்ணீர் நிற்க வேண்டிய இடம் அது. சுண்ணாம்பு போட்டு விட்டுவைத்த கருவேலங்களே பறவைகளுக்குப் போதும். கரையின் வெளிச்சரிவு முடியும் இடத்தில் பனை விதை ஊன்றுங்கள், 10 அடிக்கு ஒன்று. ஆவணி, புரட்டாசியில் பழம் பொறுக்கி, ஒரு சாண் குழியில் புதைத்தால் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. உள்சரிவில் அலை அடிக்கும் மட்டத்தில் வெட்டிவேர் அல்லது நாணல், மரம் வேண்டாம். கால்வாய்க் கரையில் புங்கனும் நீர்மருதும் நிற்கும், ஆனால் முதல் இரண்டு கோடைக்கு முள்ளடைப்பும் வாரம் ஒரு குடம் தண்ணீரும் தேவை. அடைப்புக்கு முள் வேண்டுமென்றால் நீங்கள் வெட்டிப்போட்ட சீமைக் கிளைகளே இருக்கின்றன. காய் உதிர்த்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.