மாசி வீதியில் சித்திரைத் தேர்: மதுரை பற்றிச் சில கேள்விகள், பதில்கள்

சார், தேரோட்டம் நடப்பது சித்திரை மாதம். தேர் ஓடுவது மாசி வீதிகளில். ஏன் இப்படி? (வில்லாபுரம் வாசகர்)

மீனாட்சி கல்யாணம் முன்பு மாசியில்தான் நடந்தது. மாசித் தேர் ஓடியதால் அவை மாசி வீதிகள். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் காலத்தில் விழா சித்திரைக்கு மாறியது. மாசி அறுவடை நேரம், வடம் பிடிக்க ஆள் சேராது என்று ஊரில் ஒரு காரணம் சொல்வார்கள்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. அழகர்கோயில் பெருமாளான அழகர் அதுவரை சித்திரையில் தேனூருக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்தப் பயணத்தையும் மதுரைப் பக்கம் திருப்பி, இரண்டு விழாக்களையும் சேர்த்துவிட்டார்கள். சைவமும் வைணவமும் சேர்ந்தன என்று எல்லோரும் சொல்கிறோம். நகரமும் நாட்டுப்புறமும் சேர்ந்ததுதான் பெரிய விஷயம். அழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையன்று தல்லாகுளத்தில் நின்று பாருங்கள், சுற்றுப்பட்டுக் கிராமமெல்லாம் அங்கேதான் இருக்கும். வண்டியூர்ப் பக்கம் வைகை ஆற்றுக்குள் இருக்கிற மண்டபத்துக்கு இன்றும் தேனூர் மண்டபம் என்றே பெயர்.

தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்குத் தாமதமாக வந்து, கோபத்தில் அழகர் திரும்பிவிட்டார் என்று அப்பத்தா சொல்லும். அது பொய்யா? (செல்லூர்)

பொய் என்று சொல்ல எனக்கு மனம் வராது. கோயில் மரபுப்படி அழகர் வருவது மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் தர. மீனாட்சியைத் தாரை வார்ப்பவர் திருப்பரங்குன்றத்திலிருந்து வரும் பவளக்கனிவாய்ப் பெருமாள். ஆனால் இரண்டு விழா அடுத்தடுத்து வந்தால் நடுவில் ஒரு கதை வேண்டுமே! அதை மக்கள் கட்டிக்கொண்டார்கள். அப்பத்தா சொல்கிற மாதிரியே எழுதி வையுங்கள், அதுவும் வரலாற்றுக்கு ஆதாரம்தான்.

சங்க இலக்கியம் படிக்க ஆசை. எதில் தொடங்கலாம் ஐயா? (கல்லூரி மாணவி, திருமங்கலம்)

மதுரைக்காஞ்சி. மாங்குடி மருதனார் பாடியது, 782 அடி. மொத்த அடிகளைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நகரத்துக்குள் நுழையும் இடத்திலிருந்து உரையோடு மெதுவாகப் படியுங்கள். பகலில் நாளங்காடி, மாலையில் அல்லங்காடி. அப்புறம் கடைகள் அடங்க, மெல்லடையும் மோதகமும் விற்பவர்கள் உட்கார்ந்தபடியே தூங்குகிறார்கள். நள்ளிரவில் கள்வர், அவர்களைத் தேடும் ஊர்க்காவலர், பிறகு விடியல். நிலையாமையை அரசனுக்கு எடுத்துச் சொல்ல வந்த பாட்டு, ஊரை இத்தனை ஆசையோடு பார்க்கிறது! படித்த கையோடு ஒரு ராத்திரி கீழமாசி வீதி, விளக்குத்தூண் பக்கம் நடந்து வாருங்கள். வைகை வெள்ளம் பார்க்க வேண்டுமென்றால் பரிபாடல்.

தமிழின் பழைய எழுத்தை மதுரைப் பக்கம் எங்கே நேரில் பார்க்கலாம்? (ஆசிரியர், மேலூர்)

மாங்குளம் மீனாட்சிபுரம் மலைக் குகைகளில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துகள் உள்ளன. கணிநந்தன் என்ற சமணத் துறவிக்குப் படுக்கை செய்து கொடுத்த செய்தியில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் வருகிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் மதுரைக்காஞ்சி அரசன் இவன்தான் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். யானைமலை நரசிங்கம் குடைவரையில் கி.பி. 770 காலத்து வட்டெழுத்தை (தமிழின் இன்னொரு பழைய எழுத்து வடிவம்) பார்க்கலாம். கீழடி அருங்காட்சியகத்தில் பானை ஓட்டுச்சில்லுகளில் கீறிய ஆள் பெயர்கள். இந்த மூன்றையும் பார்த்துவிட்டால் எழுத்து எப்படி மாறியது என்று பிள்ளைகளுக்குத் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஒரே ஒரு வேண்டுகோள்: கல்வெட்டின் மேல் சாக்பீஸ், பெயின்ட் எதுவும் தடவ விடாதீர்கள். போனது போனதுதான்.

திருமலை நாயக்கர் மகால் முழுதாக இவ்வளவுதானா?

இல்லை. 1636இல் கட்டியதில் சுமார் கால் பங்குதான் மிச்சம்.

வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறோம். பிள்ளைகள் தமிழில்தான் பதில் சொல்கிறார்கள். என்ன செய்ய? (காமராஜர் சாலை)

திட்டாதீர்கள். நடனகோபால நாயகி சுவாமிகள் (1843–1914) இதே மதுரையில் பிறந்து உங்கள் மொழியில் பாடியவர். அவர் கீர்த்தனைகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து பாடுங்கள். சுங்குடிச் சேலைக்குச் சாயமிடுமுன் முடிச்சுப் போடத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால், அந்தத் தொழில் பேச்சை அவர் குரலிலேயே செல்போனில் பதிவு செய்யுங்கள். அடுத்த விடுமுறை நாளிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.