மகள் சேகோ ஆலையில் ஆய்வு செய்யலாமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். "பெண்ணை வேளாண்மை படிக்கத்தான் அனுப்பினேன், சேகோ ஆலையில் மாவு சலிக்க இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆத்தூர்ப் பக்கம் மூன்று ஏக்கரில் மரவள்ளி போட்டு, அந்த வருமானத்தில் நான்கு ஆண்டுப் படிப்புக்குப் பணம் கட்டுகிறவர் நீங்கள். இறுதியாண்டில் போட்டித் தேர்வுக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் ஆலைக்கு ஆய்வுக்காகப் போகிறேன் என்று மகள் சொன்னால் வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனாலும் போகட்டும் என்பதே என் கருத்து. எந்தக் கேள்வியோடு போகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். வேளாண் பட்டப்படிப்பின் நான்காம் ஆண்டில் 'ஸ்டூடண்ட் ரெடி' என்ற திட்டம் உண்டு. 2015இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில், வேளாண் கல்விக்கான ஐந்தாம் டீன்கள் குழு வகுத்த பாடத்திட்டப்படி, மாணவர்கள் கிராமத்தில் தங்கும் பருவத்திலேயே 3 வாரம் ஒரு வேளாண் ஆலையோடு இணைந்திருக்க வேண்டும். அது பார்த்துப் பழகுவதற்கான காலம். உங்கள் மகளிடம் பேராசிரியர் சொல்லியிருப்பது அதைவிடக் கனமான வேலை. ஒரு கேள்வியை எடுத்து, அளந்து, பதிலை அறிக்கையாக எழுத வேண்டும். அந்த அறிக்கையில் அவரே கண்டுபிடித்த ஓர் எண்ணாவது இருக்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய தாளில் 'சேலம் மாவட்ட ஜவ்வரிசித் தொழில் – ஓர் ஆய்வு' என்று தலைப்பு இருக்கிறது. இந்தத் தலைப்பில் செய்யவே வேண்டாம். இதற்குப் பத்துப் பேர் ஐந்து ஆண்டு உழைக்க வேண்டும். ஒரு மாணவி செய்தால் இருக்கிற புத்தகங்களைப் பார்த்து எழுதுவதில்தான் முடியும். புது ரகம் நட்டுப் பார்க்கலாமே என்ற யோசனையும் சரிவராது. மரவள்ளி 9, 10 மாதப் பயிர். கரணை நட்டு முளை வந்து நிமிர்வதற்குள் அவருடைய பருவத்தில் பாதி போய்விடும்.

அவருக்கான கேள்வி உங்கள் வயலிலிருந்து ஆலை வாசல் வரை போகும் லோடிலேயே இருக்கிறது. 'பாயிண்ட்' என்ற சொல்லை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. குறிப்பிட்ட எடைக் கிழங்கை எடுத்து, தண்ணீரில் அமிழ்த்தி மறுபடியும் நிறுக்கிறார்கள். மாவு தண்ணீரைவிடக் கனமானது. மாவு கூடிய கிழங்கு தண்ணீருக்குள்ளும் கூடுதல் எடை காட்டும். அதை வைத்து மாவுச்சத்தைப் பாயிண்ட் என்ற அளவில் கணித்து, ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு என்று விலை போடுகிறார்கள். ஒட்டியிருக்கும் செம்மண்ணும் தண்ணீரைவிடக் கனமானதுதான், அதனால் சரியாகக் கழுவாத கிழங்கு கணக்கைக் கெடுக்கும். பிடுங்கிய கிழங்கோ இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலம் பாய்ந்து கெடத் தொடங்கிவிடும். லாரி ஒரு நாள் ஆலை வாசலில் நின்றால் நட்டம் யாருக்கு என்ற வாக்குவாதம் நீங்கள் அறியாததா?

அந்த வாக்குவாதத்துக்குள் ஓர் அருமையான ஆய்வு இருக்கிறது. பிடுங்கிய பிறகு நேரம் போகப் போகக் கிழங்கில் குறைவது மாவா, அல்லது ஈரம் வற்றி எடை மட்டும் குறைகிறதா? எடை குறைந்து பாயிண்ட் அப்படியே நின்றால் விவசாயிக்கு ஒரு கணக்கு. மாவே குறைந்தால் ஆலைக்கு வேறு கணக்கு. இரு தரப்புக்கும் வேண்டிய பதில் என்பதால் ஆலைக்காரர் கதவைத் திறப்பார், விவசாயியும் கிழங்கு கொடுப்பார்.

செய்யும் முறையும் எளிது. ஒரே ரகம் போட்ட 6 வயல்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு வயலின் கிழங்கையும் நான்கு பங்காகப் பிரிக்க வேண்டும். பிடுங்கிய அன்று ஒரு பங்கை அளந்துவிட்டு, மற்றவற்றை 24, 48, 72 மணி நேரத்தில் அளந்தால் மொத்தம் 24 அளவீடுகள். அதே கிழங்கில் ஒரு துண்டைக் கல்லூரி ஆய்வகத்தில் ஓவனில் உலர்த்தி, உலர்எடையோடு ஒப்பிட வேண்டும். ஒரே லோடிலிருந்து பத்து முறை கிழங்கு எடுத்துவிட்டுப் பத்து ரெப்ளிகேஷன், அதாவது தனித்தனியாகப் பத்து முறை செய்த சோதனை, என்று எழுதும் தவற்றை நான் அடிக்கடி பார்க்கிறேன். பத்தும் ஒரே வயல்தான், கணக்கில் அது ஒன்று. தொடங்கும் முன் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு நாள் போய் இந்தத் திட்டத்தைக் காட்டிவரச் சொல்லுங்கள். மாவுப்பூச்சியைக் கட்டுப்படுத்த வெளிநாட்டிலிருந்து தருவித்த ஒட்டுண்ணிக் குளவியை 2022இல் முதலில் வயலில் விட்ட இடம் அது. இந்தப் பயிரின் நெளிவுசுளிவு தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

அடுத்து ஒரு கசப்பான அனுபவம். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆலோசனைக்கு வந்த மாணவன் ஒருவன் ஒரு விதை நிறுவனத்தில் நான்கு மாதம் முளைப்புத்திறன் அளந்தான். நோட்டு முழுக்க எண்கள். அறிக்கை எழுதும் நேரத்தில் "இவை எங்கள் வணிக ரகசியம், அச்சிடக் கூடாது" என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். வாய்ப்பேச்சை நம்பிப் போகச் சொன்னதில் என் பிழையும் உண்டு. அந்தப் பையனின் முகம் இன்னும் என் கண்முன் நிற்கிறது. அன்றிலிருந்து எழுத்தில் ஒப்புதல் இல்லாமல் யாரையும் நான் அனுப்புவதில்லை. ஒரு பக்கம் போதும். எந்த எண்களை அறிக்கையில் போடலாம், ஆலையின் பெயரை மறைக்க வேண்டுமா, முடிவு ஆலைக்குப் பிடிக்காவிட்டாலும் சமர்ப்பிக்கலாமா, ஆலையில் பொறுப்பாளர் யார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பேராசிரியரும் ஆலை மேலாளரும் கையெழுத்திட வேண்டும். மூன்றாவதற்குத் தயங்குகிற ஆலையை விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்லிவிடுகிறேன். தாளில் எழுதியிருக்கும் ஆலைக்குத்தான் நீங்களும் கிழங்கு போடுகிறீர்கள். அங்கே வேண்டாம். பாயிண்ட் பற்றி மகள் எழுதும் எந்த வரியும் நாளை உங்கள் லோடுக்குப் போடும் விலையைத் தொடலாம். தொடாவிட்டாலும் தொட்டது என்று பேச்சு வரும். சுற்றுவட்டாரத்தில் ஆலைகளுக்கா பஞ்சம்? உங்களோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத ஓர் ஆலையைப் பேராசிரியர் மூலமாகவே கேட்கச் சொல்லுங்கள். உங்கள் வயலையும் அந்த ஆறு வயல்களில் சேர்க்க வேண்டாம்.

பாதுகாப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு நாள் நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அரவை இயந்திரத்துக்கும் அவர் அளக்கும் இடத்துக்கும் எவ்வளவு தூரம் என்று பார்த்தால் போதும். அவர் தனியாகப் போகாமல் தோழி ஒருவரோடு போவது நல்லது.

போட்டித் தேர்வு விஷயத்தில் உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் எழுத்துத் தேர்வில் இந்த ஆய்வுக்குத் தனி மதிப்பெண் கிடையாது. வங்கி வேளாண் அலுவலர் பணிக்கு நேர்காணல் உண்டு, அங்கே "உங்கள் மாவட்டத்தில் என்ன பயிர், விலை எப்படி நிர்ணயிக்கிறார்கள்?" என்று கேட்டால், கிழங்கைத் தண்ணீரில் எடை போட்டுப் பார்த்த பெண்ணின் பதில் வேறு மாதிரி இருக்கும். முதுகலைக்குப் போனால் எந்தத் துறை என்று தடுமாறவும் வேண்டியிருக்காது. வாரத்தில் மூன்று நாள் ஆலை, மீதி நாள் படிப்பு என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் நடக்கும். பொங்கலை ஒட்டிக் கிழங்கு வரத்து இருக்கும்போதே அளவீட்டை முடித்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் அளக்கக் கிழங்கு இருக்காது.

வரும் சனிக்கிழமை காலை மகளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். கடந்த இரண்டு மூன்று பருவத்தின் எடைச்சீட்டுகளைப் போட்டு வைத்திருப்பீர்கள், அவற்றையும் கொண்டுவாருங்கள். பிடுங்கிய தேதி நினைவிருக்கிற சீட்டுகளில் அதைப் பென்சிலால் குறித்து வையுங்கள். அவற்றை ஆய்வில் சேர்க்க மாட்டோம். எத்தனை மணி நேர இடைவெளியில் அளக்கத் தொடங்கலாம் என்று அவற்றை வைத்துக்கொண்டு மூவரும் உட்கார்ந்து பேசலாம்.