இண்டி ஃபோக் (பெரிய இசை நிறுவனங்களைச் சாராத, நாட்டுப்புறச் சாயல் கொண்ட பாட்டு) பாடகர்களில் மனதில் இருப்பதை மறைக்காமல் எழுதுபவர் என்று யாரைச் சொல்வீர்கள்? ஏன்?

சுஃப்யான் ஸ்டீவன்ஸ். அமெரிக்காவில் மிஷிகன் பக்கத்து ஆள், 1975இல் பிறந்தவர். அவர் பாட்டு எல்லாமே எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். 2015இல் வந்த 'கேரி அண்ட் லோவல்' ஆல்பத்தை மட்டும் வைத்துத்தான் இந்தப் பதில்.

கேரி அவருடைய அம்மா, லோவல் அந்த அம்மாவின் இரண்டாவது கணவர். இவருக்கு ஒரு வயது இருக்கும்போதே அம்மா விட்டுவிட்டுப் போய்விட்டார். மனநோய், கூடவே குடி. அப்புறம் சின்னப் பையனாக அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் அவர்களோடு கழித்த சில கோடை விடுமுறைகள்தான் மிச்சம். 2012இல் அம்மா புற்றுநோயில் இறந்தபிறகு எழுதிய பாட்டுகள் இவை. நம் சினிமாவில் அம்மா பாட்டு என்றால் தெய்வம், தியாகம், கருவறை என்று வரிசையாக வந்துவிடும் இல்லையா, இங்கே அது எதுவுமே கிடையாது. மூணு நாலு வயதில் ஒரு வீடியோ கடையில் விட்டுவிட்டுப் போனதைச் சொல்கிறார். முதல் பாட்டிலேயே மன்னித்துவிட்டேன் என்கிறார், ஆனால் ஆல்பம் முடியும்வரை கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்.

பென்னாகரம் பக்கம் வளர்ந்த எனக்கு இது புதிதாகவே படவில்லை. எங்கள் ஊரில் ஒப்பாரி கேட்டவர்களுக்குத் தெரியும், செத்தவரைப் புகழ்வது அதில் பாதிதான். மீதி முழுக்க வழக்கு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வராத காலத்தில் தண்ணியில்லாத ஊருக்குக் கட்டிக்கொடுத்த கதை, அண்ணன் தம்பி சீர் செய்யாத கதை, மாமியார் வீட்டில் பட்டது எல்லாம் அங்கேதான் வெளியே வரும். என் பெரியம்மா தன் அம்மா சாவில் அழுததைக் கேட்டிருக்கிறேன், உயிரோடு இருக்கும்போது ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதவர், அன்றைக்கு ஊர் பேர், ஆள் உறவு எல்லாம் சொல்லி நேராக "நீ ஏம்மா அப்படிப் பண்ண" என்று கேட்டார். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

சுஃப்யானும் அதைத்தான் செய்கிறார் என்பது என் எண்ணம். சோகம், வலி என்று பொதுவாக எழுதாமல் ஓரிகன் ஊர்ப் பேர்களைப் போட்டு, ஒரு ஆளைப் பார்த்துப் பேசுகிறார். அதனால்தான் நம்ப முடிகிறது.

இசை வேர் என்று பார்த்தால், இவர் பள்ளியில் முறையாகக் கற்றது ஓபோ. நம் கூத்து மேடையில் ஊதும் முகவீணை மாதிரி அதுவும் சீவாளி வைத்து ஊதுகிற கருவிதான். கிட்டார், பாஞ்சோ எல்லாம் பிறகு. 2005இல் வந்த 'இல்லினாய்' ஆல்பத்தில் வயலின், ட்ரம்பெட், கோரஸ் என்று பெரிய கூட்டமே வாசிக்கும். பத்து வருஷம் கழித்து இதில் ட்ரம்ஸ் கிட்டத்தட்ட இல்லை. சில பகுதிகள் ஹோட்டல் அறையில் ஐபோனில் பதிவு செய்தவை. குரலை ஏற்றவே மாட்டார், மூச்சுக்காற்றோடு சேர்த்து மெல்லப் பாடுவார். ஒப்பாரியிலிருந்து அவர் விலகுவது இங்கேதான், நம் பெண்கள் மாரடித்து ஊருக்கே கேட்கப் பாடுவார்கள்.

சில பாட்டுகளின் கடைசியில் நீளமாக இழுக்கும் சின்தசைசர் இரைச்சல் எனக்குச் சலிப்புதான், தாண்டிப் போய்விடுவேன். முதல்முறை கேட்பவர்கள் ஹெட்ஃபோனில், பாட்டு வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள், உச்சரிப்பு அவ்வளவு சுலபமாகப் பிடிபடாது.