குக்கர் இருக்கட்டும், முதலில் ஃப்ளாஸ்க் வாங்கு

தம்பி, ஜனவரியில் இங்கிலாந்தின் லெஸ்டருக்குப் படிக்க வருகிறேன், அடுத்த மாதமே ரமலான் நோன்பு, குக்கர் கொண்டுவரவா, ஹலால் கடை உண்டா, தராவீஹ் என்ற இரவுத் தொழுகை எங்கே, விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு என்ன சமைப்பது என்று கேட்டிருக்கிறாய். லெஸ்டரில் கடையும் பள்ளிவாசலும் தடுக்கி விழுந்தால் இருக்கும், அதை விடு. சமையலைச் சொல்கிறேன். அதில்தான் நான் பட்டவன்.

நான் வந்தது 2014 ஜூன். லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு வீடு, ஆறு பேர், ஒரே அடுப்படி. மாதக் கடைசியில் நோன்பு. நோன்பு திறக்கும் மஃரிப் இரவு 9.20க்கு. கோடையில் இங்கே முழு இருட்டே வராது, அதனால் சஹர் முடியும் நேரம் பள்ளிவாசலுக்குப் பள்ளிவாசல் ஒரு கணக்கு. எப்படிப் பார்த்தாலும் 18 மணி நேரம். ஊர் ஞாபகத்தில் முதல் சஹருக்கு நெய்ச்சோறும் கருவாடும் ஒரு வெட்டு வெட்டினேன். பகல் பன்னிரண்டுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இன்னும் ஒன்பது மணி நேரம் பாக்கி!

மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு வடை சுட்டேன். எண்ணெய்ப் புகையில் அலாரம் அலறி, ஆறு பேரும் கைலியோடு தெருவில் நின்றோம். எதிர்வீட்டு அம்மா ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மறுவாரம் வீட்டுக்காரர் எங்களைக் காலி செய்யச் சொன்னார். ஆகவே சஹரில் பொரிக்காதே. உப்பு, ஊறுகாய், கருவாடு வேண்டாம். நான் இப்போது ஓட்ஸ் கஞ்சி, இரண்டு முட்டை, தயிரோடு முடித்துக்கொள்கிறேன். ஊர்க்காரர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

உனக்கு அந்தக் கஷ்டமில்லை. பிப்ரவரியில் மாலை ஐந்து, ஐந்தரை மணி சுமாருக்கே நோன்பு திறந்துவிடலாம், முதல் வாரம் ஊரைவிடக் குறைவான நேரம்தான். ஆனால் அந்த நேரம் நீ வகுப்பில் இருப்பாய். அதனால்தான் ஃப்ளாஸ்க். வாயகன்றதாக வாங்கு. பையில் நாலு பேரீச்சம்பழம், தண்ணீர், ஃப்ளாஸ்கில் கஞ்சி.

கஞ்சியை ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக வை. நொய் கிடைக்காவிட்டால் பாஸ்மதியை மிக்ஸியில் இரண்டு சுற்று விடு. இரண்டு கப் நொய்க்கு அரை கப் பாசிப்பருப்பு, ஒரு ஸ்பூன் வெந்தயம், பூண்டு தாராளமாக. பட்டை, இஞ்சி, வெங்காயம், தக்காளி, கீமா (கொத்துக்கறி) வதக்கி, நொய்க்கு ஏழெட்டு மடங்கு தண்ணீர் ஊற்றிக் குழைய விடு. தேங்காய்ப்பால் மட்டும் இப்போது சேர்க்காதே. ஆறியதும் சின்ன டப்பாக்களில் அடைத்து ஃப்ரீசரில் வைத்து, அன்றன்றைக்கு ஒன்றை எடுத்து, வெந்நீர் விட்டு இளக்கிச் சூடாக்கும்போது பாலைச் சேர். டப்பாவில் பெயர் எழுது. என்னுடையதை எவனோ தின்றான், யாரென்று இன்றுவரை தெரியாது.

இங்கே நம்மாட்கள் சிலர் நோன்புக்கு முன்பே முந்நூறு சமோசா சுருட்டி ஃப்ரீசரை அடைத்துவிட்டு, நெஞ்செரிச்சல் என்று புலம்புவார்கள். இன்னும் சிலர் எந்த நாள் பிறை என்ற விவகாரத்தில் ஒரே வீட்டில் இரண்டு பெருநாள் கொண்டாடுவார்கள். அவர்கள் பேச்சில் மாட்டாதே. கூப்பிட்டால் போய்ச் சாப்பிட்டுவிட்டு வா.

குக்கரும் கொண்டுவா, இந்தக் கஞ்சி கொள்ளும் அளவுக்குப் பெரிதாக.

எனக்கு உம்மா கொடுத்துவிட்டது தூக்குச்சட்டி. கீழக்கரையில் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அதைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடுவோம். அங்கே அண்டாவிலிருந்து கஞ்சியைப் பெரிய அகப்பையில் ஊற்றுவார்கள், கைப்பிடி சுடும். நோன்பு பிடிக்காத வாண்டுகள் நாங்கள் சந்துமுனையில் மூடியைத் திறந்து ஒரு மிடறு குடித்துவிட்டு, குறைந்தது தெரியாமல் இருக்கச் சட்டியை ஆட்டிக்கொண்டே வீட்டுக்குப் போவோம். உம்மா வாங்கி மூடியைத் திறந்து பார்ப்பார். "இன்னிக்கு அகப்பை சின்னதோ?" என்பார்.