நான்கு வரிக்கு ஒன்று எடுத்தால் வரும் நிழல் தலைகள்

எம்ஆர்ஐ டேட்டாவில் கால் பங்கை மட்டும் வைத்து கம்ப்ரஸ்டு சென்சிங்கில் (குறைந்த டேட்டாவிலிருந்து படத்தை மீட்கும் முறை) தலைப் படத்தை மீட்டால் நிழல் தலைகள் வருகின்றன, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். லாம்டாவை (படம் சுருக்கமாக இருக்க வேண்டும் என்பதற்கு அல்காரிதத்தில் தரும் எடை) எவ்வளவு ஏற்றினாலும் அந்த நிழல் தலைகள் போகாது. மாற்ற வேண்டியது மாஸ்க்கை, அதாவது எந்த வரிகளை வைப்பது என்ற தேர்வை.

கும்பகோணம் ஸ்கேன் சென்டரில் வாங்கிய முழு கே-ஸ்பேஸில் (எம்ஆர்ஐ வரிவரியாக அளக்கும் அலைவெண் டேட்டா) நான்கு வரிக்கு ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை அழித்திருக்கிறீர்கள். இயந்திர நடவு மாதிரி சம இடைவெளி. அதனால் தலை நான்கு பிரதிகளாக ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது. பிரதியும் அசலைப் போலவே வேவ்லெட்டில் (படத்தைச் சில எண்களில் அடக்கும் உருமாற்றம்) சுருங்கும்; எது நிழல் என்று அல்காரிதத்துக்கு எப்படித் தெரியும்?

சந்தேகமிருந்தால் மாஸ்க்கை மட்டும் இன்வர்ஸ் ஃபூரியர் போட்டுப் பாருங்கள். நடு உச்சிக்குச் சமமாகப் பக்கத்திலும் உச்சிகள் நின்றால் இதுதான் காரணம்.

1. நடுவில் சுமார் 8 சதவீத வரிகளை விடாமல் வையுங்கள்.
2. மீதியை ரேண்டமாக, ஓரம் போகப்போக அரிதாக எடுங்கள். ஆய்வாளர்கள் லஸ்டிக், டோனோஹோ, பாலி 2007-இல் சொன்ன வழி இது. ஃபேஸ் என்கோடிங் திசையில் (வரிகள் அடுக்கப்படும் திசை) மட்டும் போதும்.

அப்புறம் லாம்டாவைத் தொடுங்கள்.

ஒன்று: மெஷினே சீராக வரி விட்டு எடுத்த டேட்டா என்றால் இது உதவாது. பல காயில்களின் (சிக்னலை வாங்கும் கம்பிச் சுருள்கள்) டேட்டாவைத் தனித்தனியாகக் கேட்டு வாங்கி, அவற்றைச் சேர்த்துப் படத்தை மீட்கும் சென்ஸ் அல்லது கிராப்பா முறையைப் போடுங்கள்.