பிளேக்கின் புலியும் ரோஜாவும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக்கின் கவிதைகளை அவர் வரைந்த படங்களோடு பார்க்காதவர்கள் பாதிதான் படித்திருக்கிறார்கள் என்று சென்ற கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். கல்லூரியில் எனக்குப் 'புலி' பாடமாக இருந்தது, இன்றும் மனப்பாடம். உங்கள் கட்டுரையைப் படித்ததும் அந்தப் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். ஏமாற்றம்தான். என் மனதில் இருந்த புலி இருட்டில் எரிகிறது. படத்தில் இருப்பதோ பஞ்சடைத்த பொம்மை. நல்ல கவிதைக்குப் படம் எதற்கு? சொல் போதாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதல் தடவை பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. மரத்தடியில் அந்தப் புலி சாதுவாக நிற்கிறது. சில பிரதிகளில் சிரிப்பது போலக்கூடத் தெரியும். ஆனால் பிளேக் 14 வயதில் ஜேம்ஸ் பாசயர் என்ற செதுக்குக் கலைஞரிடம் சேர்ந்து ஏழு வருடம் தொழில் கற்றவர். பயங்கரமான புலி வேண்டுமென்றால் வரைந்திருப்பார். கவிதையை இன்னொரு முறை சொல்லிப் பாருங்கள். முழுக்கக் கேள்விகள், ஒன்றுக்கும் பதில் இல்லை. கேட்கிறவன் நடுங்கிக்கொண்டே கேட்கிறான், கீழே புலி பாட்டுக்கு நிற்கிறது. அந்த நெருப்பு புலியிடம் இருக்கிறதா, பார்க்கிறவன் கண்ணிலா? படம் இல்லாமல் இந்தச் சந்தேகம் எனக்கு வந்திருக்காது.

இந்தப் பக்கங்கள் எப்படி உருவாயின என்பதையும் சொல்ல வேண்டும். அன்றைய லண்டனில் எழுத்தைக் கோத்து அச்சிடுவது ஒரு பட்டறை, படத்தைத் தகட்டில் செதுக்கி அச்சிடுவது வேறு பட்டறை. பிளேக் இரண்டையும் ஒரே செப்புத் தகட்டில் கொண்டுவந்தார். அமிலம் அரிக்காத மையால் கவிதையையும் படத்தையும் தகட்டின் மேல் நேரடியாக எழுதினார். அச்சில் சரியாக விழ வேண்டும் என்பதால் எழுத்துகள் எல்லாம் இடவலம் மாறியிருக்கும். அப்புறம் அமிலம் ஊற்றினால் மற்ற இடமெல்லாம் அரிபட்டு, எழுதியது மட்டும் மேடாக நிற்கும். 1787இல் இறந்த தம்பி ராபர்ட் தோன்றி இந்த முறையைச் சொல்லிக்கொடுத்ததாகவே பிளேக் நம்பினார். அச்சிட்ட தாள்களுக்குக் கையால் வண்ணம் தீட்டுவார். மனைவி கேத்தரினும் கூட உட்கார்ந்து அச்சிட்டார், வண்ணம் தீட்டினார். திருமணப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதிலாகக் குறி போட்டவர் அவர்.

'கள்ளமின்மைப் பாடல்கள்' என்ற கவிதைநூல் 1789இல் வந்தது, 'புலி' இடம்பெற்ற 'அனுபவப் பாடல்க'ளோடு சேர்ந்த தொகுப்பு 1794இல். ஒவ்வொன்றும் 25 படங்களோடு 5 ஷில்லிங் என்று 1793இல் அவரே விலை அறிவித்தார். வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான். எந்த இரண்டு பிரதியும் ஒரே மாதிரி இருக்காது, நிறம் மாறும், பாடல்களின் வரிசையே மாறும். ஒரு பக்கம் சுமார் 11 சென்டிமீட்டர் உயரம், 7 அகலம். நீங்கள் கைபேசியில் பார்த்திருந்தால் ஏறக்குறைய அசல் அளவிலேயே பார்த்திருக்கிறீர்கள், அதில் எனக்கு மகிழ்ச்சி.

புலி பிடிக்கவில்லையா, சரி, 'நோயுற்ற ரோஜா'வை எடுங்கள். எட்டே வரி. புயலடிக்கும் இரவில் பறந்து வரும் கண்ணுக்குத் தெரியாத புழு, ரோஜாவின் செஞ்சிவப்பு இன்பத்தின் படுக்கையைக் கண்டுபிடித்துவிடுகிறது. அதன் இருண்ட ரகசியக் காதல் அவள் உயிரைக் குடிக்கிறது. அவ்வளவுதான். பக்கத்தில் முள்தண்டு வளைந்து அந்த எட்டு வரியையும் சுற்றி வளைத்திருக்கிறது. மேலே ஒரு கம்பளிப்புழு இலையைத் தின்றுகொண்டிருக்கிறது. ரோஜா தரையில் கவிழ்ந்து கிடக்க, அதற்குள்ளிருந்து ஓர் உருவம் கைநீட்டி வெளியே வருகிறது. சொல்லில் கண்ணுக்குத் தெரியாத புழுவை வரைந்து காட்டியதில் பிளேக் தன் கவிதையைத் தானே மறுக்கிறாரோ என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

உங்கள் பக்கத்திலும் பலமான வாதம் இருக்கிறது. 1943இல் பெஞ்சமின் பிரிட்டன் இதே ரோஜாவுக்கு இசையமைத்தார். டெனர் என்ற உச்ச ஆண்குரல், ஹார்ன் எனப்படும் மேற்கத்தியக் கொம்பு வாத்தியம், தந்திக் கருவிகளுக்கான 'செரனேட்' என்ற படைப்பில் 'எலிஜி' (இரங்கற்பா) என்ற பகுதி அது. முதலில் நெடுநேரம் கொம்பு மட்டும் பாடுகிறது. ஒரு சுரத்தில் நின்று அரைச்சுரம் சறுக்கும், மறுபடி நிற்கும், மறுபடி சறுக்கும். நல்லாயிருக்கும் ஒரு பூவில் எங்கோ அழுகல் தொடங்குவது காதிலேயே கேட்கும். நடுவில் குரல் எட்டு வரியையும் பேசுவதுபோல ஒரே தடவை பாடிவிட்டு ஓய்கிறது. மறுபடி கொம்பு. இதில் படம் இல்லை, ஆனாலும் எதுவும் குறையவில்லை. ஆகவே 'பாதி' என்று நான் எழுதியது தவறு, திருத்திக்கொள்கிறேன்.

பிளேக் தன் பாட்டுகளைத் தானே மெட்டுப் போட்டுப் பாடுவார் என்று அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த மெட்டுகளில் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறாது.

பிளேக் ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் வெவ்வேறு பிரதிகளின் ஒரே பக்கத்தை அருகருகே வைத்துப் பார்க்கலாம், கட்டணம் கிடையாது. நான்கைந்து புலிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். எந்தப் புலியிடம் நின்றீர்கள் என்று எழுதுங்கள்.