கெம்பஸ் தொழில் வழிகாட்டல் பிரிவிடம் எதைக் கேட்கலாம்? மலையக வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

மகள் கெம்பஸில் மூன்றாம் வருடம். அங்கே தொழில் வழிகாட்டல் பிரிவு இருக்கிறதாம். படிப்பு முடிந்ததும் அவர்களே வேலை எடுத்துக் கொடுப்பார்களா?
(தலவாக்கலையிலிருந்து ஒரு தாய்)

இல்லை அம்மா. நியமனம் கொடுக்கும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. பேராதனையோ ஊவா வெல்லஸ்ஸவோ, எந்தப் பல்கலைக்கழகமானாலும் அந்தப் பிரிவு செய்வது பிள்ளையை வேலைக்குத் தயார்படுத்துவதுதான். சுயவிபரக் கோவையை (சிவி) திருத்துவது, மாதிரி நேர்முகப் பரீட்சை வைப்பது, நிறுவனங்களை அழைத்துத் தொழிற்சந்தை நடத்துவது, பயிற்சிக்கு இடம் தேட உதவுவது எல்லாம் அதில் அடங்கும்.

மகளை இப்போதே போகச் சொல்லுங்கள். இறுதி வருடத்தில் ஆய்வறிக்கை கழுத்தை நெரிக்கும். தொழிற்சந்தைக்கு முந்தின வாரம் எல்லோரும் ஒன்றாக வந்து வரிசையில் நிற்பார்கள். அப்போது ஒரு பிள்ளையிடம் ஆறுதலாகப் பேச அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. இன்னொன்று, “எனக்கு என்ன வேலை சரிவரும்?” என்று வெறுங்கையோடு போனால் பொதுவான பதில்தான் கிடைக்கும். விருப்பமான ஒரு வேலை விளம்பரத்தைக் கொண்டுபோய், “இதற்கு என்னிடம் என்ன குறைகிறது?” என்று கேட்கட்டும். அந்தக் குறையைத் தீர்க்க அவருக்கு இன்னும் காலம் இருக்கிறது.

பட்டம் முடித்து ஆறு மாதம். கிடைத்த இடமெல்லாம் சிவி அனுப்பினேன். ஒரு அழைப்பும் இல்லை. எங்கே பிழை?
(ஹட்டன்)

‘கிடைத்த இடமெல்லாம்’ என்பதில்தான் முதல் பிழை. ஒரே கோவையை வங்கிக்கும் தொண்டு நிறுவனத்துக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் அனுப்பினால் அது ஒருவருக்கும் பொருந்தாது. விளம்பரத்தில் கேட்டிருக்கும் தகுதிகளில் உங்களிடம் உள்ளவை முதற்பக்கத்தின் மேல் பாதியிலேயே தெரிய வேண்டும். நம் பிள்ளைகளின் கோவைகளில் அந்த இடத்தைப் பெரும்பாலும் பிறந்த திகதி, மதம், விவாக நிலை, ஓ.எல். பெறுபேற்று அட்டவணை ஆகியவை நிரப்பிவிடுகின்றன. மதத்தையும் விவாக நிலையையும் எடுத்துவிடலாம். ஓ.எல். ஒரு வரி போதும். மொத்தம் இரண்டு பக்கம், பிடிஎஃப் வடிவில், கோப்பின் பெயராக உங்கள் பெயரும் பதவியும்.

அடுத்தது, செய்த வேலையை எழுதாமல் விடுவது. விடுமுறையில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்ததை ஒருவரும் எழுதுவதில்லை. ‘ஓ.எல். மாணவர் 12 பேருக்கு வாரம் இரண்டு நாள், எட்டு மாதம் கணிதம் கற்பித்தேன். மாதாந்தப் பரீட்சைத் தாள்களை நானே தயாரித்தேன்’ என்று எழுதினால் அது அனுபவம். ‘சமூக சேவையில் ஆர்வம்’ என்ற வரியால் எந்தப் பயனும் இல்லை.

முகவரியையும் பாருங்கள். பல தோட்டங்களில் கடிதம் இன்னும் தோட்ட அலுவலகம் வழியாகத்தான் லயத்துக்கு வருகிறது. நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கைக்கு வந்த பிள்ளைகள் உண்டு. இது அவர்களுடைய குற்றமே அல்ல. ஆனாலும் இழப்பு அவர்களுக்குத்தான். நிரந்தர முகவரியைத் தோட்டத்துக்கும், தபால் முகவரியை டவுனில் நம்பிக்கையான ஒருவரின் வீட்டுக்கும் கொடுங்கள்.

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஏ.எல். சான்றிதழ் மூன்றிலும் பெயரின் ஆங்கில எழுத்துகள் ஒன்றாக இருக்கின்றனவா? வேறுபட்டால் இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி ஒன்று முடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறப்புப் பதிவிலேயே பிழை என்றால் பிரதேச செயலகத்தில் திருத்த விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு நாள் எடுக்கும், வேலை வந்த பிறகு ஓடாதீர்கள்.

தமிழ் மொழிமூலம் படித்தவன். ஆங்கில நேர்முகப் பரீட்சை என்றாலே வாய் கட்டிக்கொள்கிறது.
(பதுளை)

“உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்ற கேள்வி அநேகமாக எங்கும் வரும். அங்கிருந்து ஆரம்பியுங்கள். ஒன்றரை நிமிடப் பதில் போதும். நிதானமாகப் பேசினால் 150 முதல் 180 சொற்கள். படித்தது, செய்த ஒரு வேலை, இந்த இடத்துக்கு ஏன் வந்தீர்கள், அவ்வளவுதான். எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு சொல் தவறினால் அடுத்த வசனம் வராது. நடுவில் குறுக்குக் கேள்வி வந்தால் முழுதும் நின்றுவிடும். சிறு அட்டையில் ஐந்து சொற்களை மட்டும் குறித்து, அதைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் வேறு வசனங்களில் பேசுங்கள். போனில் பதிவு செய்து கேளுங்கள்.

பிறகு தொழில் வழிகாட்டல் பிரிவில் மாதிரி நேர்முகப் பரீட்சை கேளுங்கள். தெரிந்த விரிவுரையாளர் வேண்டாம், முன்பின் அறியாத ஒருவர் கேள்வி கேட்கட்டும். முடிந்ததும் “நன்றாக இருந்தது” என்பதோடு விடாமல், எந்தப் பதில் விளங்கவில்லை என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

“ஒரு பிரச்சினையை எப்படித் தீர்த்தீர்கள்?” என்ற வகைக் கேள்விக்கு நான்கு படிகள் உண்டு: நிலைமை, உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, விளைவு. நம் பிள்ளைகள் நிலைமையை விவரித்தே நேரத்தை முடித்துவிடுகிறார்கள். அதோடு, “நான்” என்று சொல்வது பெருமையடிப்பது என்ற கூச்சத்தில் எல்லாவற்றையும் “நாங்கள் செய்தோம்” என்கிறார்கள். எதிரில் இருப்பவர் தேர்ந்தெடுக்கப்போவது உங்களை. நீங்கள் செய்ததை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி விளங்காவிட்டால் திரும்பக் கேளுங்கள், அது குறையல்ல. சிங்களம் பேச வருமென்றால் கோவையில் கட்டாயம் போடுங்கள். பேச, வாசிக்க, எழுத என்று தனித்தனியாக. மூன்று மொழியிலும் ஆட்களோடு பேசக்கூடியவரை நிறுவனங்களின் மலையகக் கிளைகள் தேடுகின்றன.

அரச வேலைக்கு எதைக் கவனிக்க வேண்டும்?
(பண்டாரவளை)

வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வருகிறது. பதவி வெற்றிடங்களும் பரீட்சைகளும் முதலாம் பகுதியின் இரண்டாம் (அ) தொகுதியில் இருக்கும். பலர் விழுவது தகுதித் திகதியில். விண்ணப்ப முடிவுத் திகதிக்குள் பட்டம் வலுவுக்கு வந்திருக்க வேண்டும் என்று கேட்டிருந்தால், பட்டமளிப்பு விழா நாளை நம்ப வேண்டாம். வலுவுக்கு வரும் திகதி குறித்த கடிதத்தைப் பல்கலைக்கழகப் பரீட்சைப் பிரிவில் பெற்றுக்கொள்ளுங்கள். தபாலில் கேட்டிருந்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்திருங்கள். கடித உறையின் இடப்பக்க மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதச் சொல்லியிருப்பார்கள். மறக்க வேண்டாம்.

ஸூம் வழியாக நேர்முகப் பரீட்சை. எங்கள் பக்கம் மழை பெய்தால் சிக்னலும் இல்லை, கரண்டும் இல்லை.
(மஸ்கெலியா)

தொழில் வழிகாட்டல் பிரிவிடமோ பீட அலுவலகத்திடமோ ஓர் அறை கேளுங்கள். முடியாவிட்டால் டவுனில் தெரிந்தவர் வீடு. முதல் நாள் அதே நேரத்தில் அதே இடத்திலிருந்து பேசிப் பாருங்கள். இரண்டாவது வலையமைப்பின் சிம் ஒன்றும் முழுதாகச் சார்ஜ் ஏற்றிய போனும் பக்கத்தில் இருக்கட்டும். தொடர்பு அறுந்தால் அழைக்க வேண்டிய இலக்கத்தை முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு வையுங்கள்.

கொழும்பில் வேலை கிடைத்திருக்கிறது. நியமனக் கடிதத்தில் எதைப் பார்க்க வேண்டும்?
(நுவரெலியா)

அடிப்படைச் சம்பளமும் கொடுப்பனவுகளும் பிரித்துக் காட்டப்பட்டுள்ளனவா என்று முதலில் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 வீதம் கழியும், நிறுவனம் 12 வீதம் போடும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிறுவனம் தனியாக 3 வீதம் கட்ட வேண்டும், அதை உங்களிடம் கழிக்கக் கூடாது. 60,000 ரூபாய் அடிப்படைச் சம்பளம் என்றால் உங்கள் பங்கு 4,800, அவர்கள் பங்கு 7,200, நம்பிக்கை நிதி 1,800. மேலதிக நேரக் கொடுப்பனவு சேமலாப நிதிக் கணக்கில் சேராது.

தகுதிகாண் காலம் எத்தனை மாதம், விலக எத்தனை நாள் முன்னறிவித்தல், பயிற்சிக்காகப் பிணைப் பத்திரம் (இத்தனை காலம் விலகமாட்டேன் என்ற ஒப்பந்தம்) கேட்கிறார்களா என்பதையும் வாசியுங்கள். மூலச் சான்றிதழ்களைக் கேட்டால் காட்டுங்கள், கையில் விட்டுவிட்டு வராதீர்கள். கையொப்பமிடுவதற்கு முன் போர்டிங், சாப்பாடு, மாதம் ஒருமுறை ஊர் வந்துபோகும் பஸ் செலவைக் கூட்டிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கடிதத்தின் பிரதியோடு தொழில் வழிகாட்டல் பிரிவுக்குப் போங்கள். பழைய மாணவர் என்றாலும் கேட்கலாம்.